சின்னப் பள்ளி மாவட்டம்: குறை எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் குடியேறிய உறவினர்களிடம் வீடு வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல் வந்து விழும். போன மாதம் சித்தி மகன் நியூ ஜெர்சியிலிருந்து பேசினான். இரண்டு ஊர்களில் வீடு பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று பெரிய ஊர். மற்றதில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை மொத்தமே முந்நூறு சொச்சம் பிள்ளைகள். "சின்ன இடம் என்றால் பிள்ளைக்குக் கவனிப்பு அதிகம் கிடைக்கும், இல்லையா அண்ணா?" என்று கேட்டான். அவன் அலுவலக நண்பரோ, சின்ன மாவட்டம் என்றாலே வரிப்பணம் வீண், எல்லாவற்றையும் இழுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று அடித்துச் சொன்னாராம்.

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இவன் வகுப்பறையைப் பற்றிப் பேசுகிறான், அவர் அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டுக்கும் 'சின்னது' என்ற ஒரே சொல்லைப் போட்டதால் வந்த வம்பு இது. தொலைபேசியில் அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

கல்வி மாவட்டம் வேறு, பள்ளி மாவட்டம் வேறு

'மாவட்டம்' என்ற சொல்லிலேயே முதல் குழப்பம் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலும் கல்வி மாவட்டங்கள் உண்டு. அவற்றுக்கு மாவட்டக் கல்வி அலுவலர்கள் உண்டு. ஆனால் அது நிர்வாக வசதிக்காகப் போட்ட எல்லை. அந்த அலுவலர் யாரிடமும் வரி வாங்குவதில்லை. அரசுப் பள்ளிக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம். சம்பளம் வருவது மாநிலக் கருவூலத்திலிருந்து. கொல்லிமலையில் இருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் எழும்பூரில் இருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் ஊதிய விகிதம் ஒன்றுதான். கல்வி மாவட்டம் பெரிதா சிறிதா என்பதைப் பெற்றோர் யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் அப்படிப்பட்டதல்ல. ஓர் ஊராட்சி மன்றம் தெருவிளக்கையும் குடிநீரையும் வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை மட்டும் நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஏறக்குறைய அதுதான் பள்ளி மாவட்டம். பெரும்பாலான இடங்களில் ஊர்மக்கள் வாக்களித்து ஐந்து, ஏழு அல்லது ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழுவுக்குப் பெயர் பள்ளி வாரியம். வாரியம் அமர்த்தும் தலைமை நிர்வாகிக்குப் பெயர் கண்காணிப்பாளர். ஆசிரியரை வேலைக்கு எடுப்பது, சம்பளம் பேசுவது, பஸ் வாங்குவது, கூரை ஒழுகினால் ஆள் கூப்பிடுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது? நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உள்ளூரிலேயே திரட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி வீடு, நிலம், கடை, ஆலை ஆகியவற்றின்மீது விதிக்கும் சொத்துவரி. ஏறத்தாழ அதே அளவை மாநில அரசு தருகிறது. மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒன்றைத் தாண்டாது.

அளவில் இந்த மாவட்டங்களுக்குள் ஒற்றுமையே கிடையாது. நியூயார்க் நகரம் முழுவதும் ஒரே மாவட்டம். சுமார் ஒன்பது லட்சம் பிள்ளைகள். ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம்தான். ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள் (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவுகள்), 67 மாவட்டங்கள். ஆனால் கையளவு நியூ ஜெர்சியில் அறுநூறுக்குக் கிட்டத்தட்ட இருக்கின்றன. அவற்றில் சில பள்ளிக்கூடமே இல்லாத பள்ளி மாவட்டங்களாகப் பல ஆண்டுகள் இருந்தன. வாரியம் இருக்கும், வரி வசூலாகும், பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிக் கட்டணம் கட்டுவார்கள். 2009-இல்தான் அவற்றை ஒழிக்கத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் 1939-40-இல் 1,17,000-க்கு மேற்பட்ட மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13,000. எண்பது ஆண்டுகளாகச் சின்னவை பெரியவற்றில் கரைந்துகொண்டே வருகின்றன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பள்ளி மாவட்டம் என்பது சொந்த வரியும் சொந்த வாரியமும் உள்ள ஒரு குட்டி அரசாங்கம். எனவே அதன் அளவு பிள்ளையின் படிப்பை நேரடியாகத் தொடும்.

ஆறு வீட்டு லிஃப்ட்

இனி அமெரிக்காவைச் சற்று மறந்துவிட்டு நம் ஊர் அடுக்ககங்களுக்கு வாருங்கள். ஒரு தெருவில் அறுபது வீடுகள் உள்ள ஒரு கட்டடம், ஆறு வீடுகள் உள்ள இன்னொரு கட்டடம். இரண்டிலும் லிஃப்ட் உண்டு, மோட்டார் உண்டு, வாசலில் வாட்ச்மேன் உண்டு.

லிஃப்ட் பராமரிப்புக்காரர் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே தொகை கேட்பார். ஒரு இடத்தில் அதை அறுபதால் வகுக்கிறார்கள், மற்ற இடத்தில் ஆறால் வகுக்கிறார்கள். சரி, இது எல்லோருக்கும் உடனே புரியும்.

அடுத்தது வாட்ச்மேன். ஆறு வீட்டுக்குக் கால்வாசி வாட்ச்மேன் போதும். ஆனால் கால்வாசி வாட்ச்மேன் எங்கும் கிடைக்கமாட்டார். முழு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது இரவில் மட்டும் வருகிறவரை வைத்துக்கொண்டு பகலைக் கடவுளிடம் விட வேண்டும்.

மூன்றாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழ்குழாய் மோட்டார் புகைந்துவிடுகிறது. அறுபது வீட்டில் அது ஒரு வாட்ஸ்அப் செய்தி. ஆறு வீட்டில் அது ஒரு குடும்பச் சண்டை.

நான்காவது, சங்கச் செயலாளர் பதவி. ஆறு வீட்டுக்காரர்களில் ஒருவர் வெளிநாட்டில், இருவர் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில், ஒருவர் எல்லோரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவர். மிச்சமுள்ள இருவரே பதினைந்து ஆண்டுகளாக மாறி மாறிச் செயலாளர்.

கவனியுங்கள், ஆறு வீட்டுக்காரர்களிடம் எந்தத் தப்பும் இல்லை. சொல்லப்போனால் அவர்கள் ஒருவர் வீட்டுச் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிற அளவுக்கு நெருக்கமானவர்களாகவும் இருக்கலாம். சின்னப் பள்ளி மாவட்டத்தின் குறைகளும் இந்த நான்கு வகைதான். அவற்றின் எடை மட்டும் ஒன்றுபோல் இல்லை.

அலுவலகச் செலவு: அதிகம் பேசப்படும் சின்னக் குறை

எத்தனை பிள்ளைகள் படித்தாலும் பெரிதாக மாறாத செலவுக்கு நிலைச்செலவு என்று பெயர். கண்காணிப்பாளரின் சம்பளம் அதற்கு நல்ல உதாரணம். கணக்குக்காக ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். முந்நூறு பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் அவருக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர் என்றால் தலைக்கு 400 டாலர். ஆறாயிரம் பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் இரண்டு லட்சமே கொடுத்தாலும் தலைக்கு 33 டாலர்தான்.

பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் என்று அலுவலக நண்பர் துள்ளுவார். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆகும் மொத்தச் செலவின் நாட்டுச் சராசரியே ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல். அதில் 400 டாலர் என்பது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு கண்காணிப்பாளர்களை ஒருவராக்கினால் வரி பாதியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பணத்தைவிட உண்மையான இழப்பு நேரம். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் அனுப்ப வேண்டிய அறிக்கைகள் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சுருங்குவதில்லை. பெரிய மாவட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். சின்ன மாவட்டத்தில் கண்காணிப்பாளரே தலைமையாசிரியர், அவரே மானிய விண்ணப்பம் எழுதுகிறவர், டிரைவர் வராத நாளில் சில இடங்களில் அவரே பஸ்ஸையும் ஓட்டுவார். போட்டி போட்டு வாங்க வேண்டிய மானியங்கள் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் இருக்கும் இடத்துக்கே போகின்றன. இதை மத்திய அரசே உணர்ந்திருக்கிறது. கிராமப்புறத்தில் 600-க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள மாவட்டங்களுக்குத் தனியாக ஒரு நிதித் திட்டம் உண்டு. அங்கே போட்டி இல்லை, ஒரு சூத்திரப்படி பணம் போகும்.

கால் ஆசிரியர் கிடைக்கமாட்டார்

என் கணிப்பில் எல்லாக் குறைகளிலும் கனமானது இதுதான்.

உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், அதாவது அங்கே பன்னிரண்டாம் வகுப்பில், இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் ஆறு பேர் இயற்பியல் கேட்கிறார்கள், நான்கு பேர் பிரெஞ்சு கேட்கிறார்கள், மூன்று பேர் நுண்கணிதம் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு மணி நேர வேலைதான் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காக யார் அந்த ஊருக்கு வந்து குடியிருப்பார்கள்? எனவே வேதியியல் ஆசிரியரே இயற்பியலையும் எடுப்பார். உயிரியலும் அவர் தலையில். காலை எட்டு மணிக்கு ஒரு பாடம், ஒன்பதுக்கு வேறு பாடம், பத்துக்கு இன்னொன்று. பெரிய பள்ளியில் ஓர் இயற்பியல் ஆசிரியர் ஒரே பாடத்தைத் தயாரித்து நான்கு பிரிவுகளுக்கு நடத்துவார்; நான்காவது முறை நடத்தும்போது அது மெருகேறியிருக்கும். சின்னப் பள்ளி ஆசிரியருக்கு எல்லா நாளும் முதல் முறைதான்.

கால அட்டவணை இன்னொரு வேதனை. நாள் முழுவதும் ஒரே ஒரு வேளை மட்டும் நடக்கும் பாடத்தை ஒற்றைப் பிரிவு என்று சொல்லலாம். பெரிய பள்ளியில் இயற்பியல் காலை இரண்டாம் வேளையும் உண்டு, மதியம் ஆறாம் வேளையும் உண்டு. சின்னப் பள்ளியில் ஏறக்குறைய எல்லாமே ஒற்றைப் பிரிவு. நுண்கணிதமும் வாத்தியக் குழுவும் ஒரே வேளையில் விழுந்துவிட்டால், டிரம்பெட் வாசிக்கிற பிள்ளை இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். பாடப்பட்டியலில் இரண்டுமே அச்சாகியிருக்கும். பட்டியலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இந்த மோதல் தெரிய வாய்ப்பே இல்லை.

இந்தக் குறை முற்றிப்போனால் எப்படி இருக்கும் என்பதற்கு நீதிமன்றப் பதிவே ஒன்று இருக்கிறது. ஆர்கன்சா மாநிலத்தின் கிழக்கில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பிலிப்ஸ் கவுண்டியில் லேக் வியூ என்றொரு சிற்றூர். 1930-களில் கறுப்பின விவசாயக் குடும்பங்களைக் குடியமர்த்த அரசு உருவாக்கிய குடியிருப்பிலிருந்து வளர்ந்த ஊர். அதன் பள்ளி மாவட்டம் 1992-இல் மாநில அரசின்மேல் வழக்குப் போட்டது: ஏழை ஊருக்கும் பணக்கார ஊருக்கும் நீங்கள் பணம் பகிரும் முறை அரசமைப்புக்கு விரோதமானது என்று. விசாரணையில் வெளிவந்தவை: உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பாடங்கள் அத்தனைக்கும் ஒரே ஆசிரியர். அவருக்குக் கணித ஆசிரியருக்கான சான்றிதழும் இல்லை. பதிலி ஆசிரியராக ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பளம். போதாததற்குப் பள்ளி பஸ் ஓட்டி இன்னொரு 5,000 டாலர். திரிகோணமிதி வகுப்புக்குப் போதிய கால்குலேட்டர்கள் இல்லை. ஒரு கரும்பலகை. பிரிண்டர் வேலை செய்யவில்லை. அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் அங்கே முதலில் அடிப்படைப் பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

இதில் எவ்வளவு வறுமையால் வந்தது, எவ்வளவு சிறிதாக இருப்பதால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிண்டர் வறுமை. ஒரே கணித ஆசிரியர் என்பது பணம் கொட்டினாலும் முழுதாகத் தீராது. நல்ல சம்பளத்துக்குச் சான்றிதழ் உள்ளவர் வந்திருப்பார். அப்போதும் ஐந்து வகைக் கணிதத்துக்கும் அவர் ஒருவர்தான் இருந்திருப்பார்.

விளையாட்டில் இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும். சின்னப் பள்ளிகளில் அத்தனை பையன்கள் தேறமாட்டார்கள். 1934-இல் நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்ளர் என்ற பயிற்சியாளர் ஆறு பேர் ஆடும் கால்பந்தை உருவாக்கினார். டெக்சாஸில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. இயற்பியலுக்கு அப்படி ஒரு ஆறு பேர் பதிப்பு கிடையாது. இணையவழி வகுப்பு ஓரளவு கைகொடுக்கிறது. ஆய்வகத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக் கம்பியைச் சரியான இடத்தில் செருகச் சொல்ல அதனால் முடியாது.

ஆக, ஆசிரியர் முழு ஆளாகத்தான் வருவார். தேவையோ துண்டு துண்டாக இருக்கிறது. சின்ன மாவட்டத்தில் பாடங்கள் குறைவதும், ஒருவரே பல பாடம் எடுப்பதும் இதனால்தான்.

ஒரு பிள்ளை, ஓர் ஆலை

மோட்டார் புகைந்த கதைக்கு வருவோம். எதிர்பாராத செலவைப் பலர் தலையில் பிரித்துப் போடுவதற்கு இடர்ப் பகிர்வு என்று பெயர். காப்பீடு ஓடுவதே அதன்மேல்தான். தலைகள் குறைந்தால் பகிர்வு தடுமாறும்.

பள்ளியில் அந்த மோட்டார் எது? 1975-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள எந்தப் பிள்ளைக்கும் தகுந்த கல்வியைப் பொதுப்பள்ளி இலவசமாகத் தர வேண்டும். இதைச் சிறப்புக் கல்வி என்கிறார்கள். அந்த நாடு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். மாவட்டம் 'எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்று கைவிரிக்க முடியாது. அயோவாவின் சீடர் ராபிட்ஸ் மாவட்டத்தில், சுவாசக் கருவியின் உதவியோடு வாழ்ந்த ஒரு மாணவருக்குப் பள்ளி நேரம் முழுக்க அருகிலேயே செவிலியர் தேவைப்பட்டார். அந்தச் செலவை மாவட்டமே ஏற்க வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீடர் ராபிட்ஸ் ஓரளவு பெரிய ஊர். ஆனால் அதே தீர்ப்பு முந்நூறு பிள்ளைகள் உள்ள மாவட்டத்துக்கும் பொருந்தும்.

மறுபடி ஒரு கணக்குக்காக: தனிப் பராமரிப்பு தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் ஆகிறது என்று கொள்வோம். முப்பதாயிரம் பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் அது தலைக்கு மூன்று டாலர் சொச்சம். இத்தகைய பிள்ளைகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே ஒதுக்கியும் வைக்கலாம். முந்நூறு பிள்ளைகள் உள்ள இடத்தில் அது தலைக்கு 333 டாலர். ஆகஸ்டில் ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தால் போதும், ஜூனில் நிறைவேற்றிய பட்ஜெட் கவிழ்ந்துவிடும். மாநிலங்கள் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. பெரும்பாலும் செலவான பிறகு.

இதில் பணத்தைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் பட்ஜெட் கூட்டத்தில் 'எதிர்பாராத சிறப்புக் கல்விச் செலவு' என்று கண்காணிப்பாளர் வாசிக்கும்போது, அது எந்தத் தெருவில் எந்த வீடு என்று ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளையின் தாயும் அதே கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

வரவிலும் இதே ஆட்டம் உண்டு. மெய்ன் மாநிலத்தில் விஸ்காசெட் என்ற கடற்கரைச் சிற்றூர் பல ஆண்டுகள் தன் சொத்துவரியின் பெரும்பகுதியை ஒரே வரிதாரரிடமிருந்து வாங்கி வந்தது: மெய்ன் யாங்கி அணுமின் நிலையம். 1997-இல் அதை நிரந்தரமாக மூட முடிவெடுத்தார்கள். அதன்பின் பள்ளி உட்பட ஊரின் எல்லாச் செலவும் வீட்டுக்காரர்கள் தலையில் இறங்கியது. சென்னையில் ஓர் ஆலை மூடினால் மாநகராட்சி சமாளித்துக்கொள்ளும். ஒரே ஆலை உள்ள ஊருக்கு அது குடும்பத் தலைவர் வேலை இழந்த மாதிரி.

பதினைந்து பேரின் சராசரி

இது அந்த நான்கில் வராத சின்ன விஷயம், ஆனால் வீடு தேடுகிறவர்கள் தவறாமல் வழுக்கி விழும் இடம். பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை தேர்வன்று காய்ச்சலோடு வந்தால் தேர்ச்சி விகிதம் கிட்டத்தட்ட ஏழு சதவீதம் இறங்கும். நூற்றைம்பது பேர் உள்ள இடத்தில் ஒரு சதவீதம்கூட அசையாது. இணையதளங்கள் பள்ளிக்குப் பத்துக்கு எட்டு, ஆறு என்று போடும் மதிப்பெண் சின்ன இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு ஊஞ்சல் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல மாநிலங்கள் பத்துப் பேருக்கும் குறைவான குழுக்களின் முடிவை வெளியிடுவதே இல்லை. எட்டு மார்க் ஊரிலிருந்து ஆறு மார்க் ஊர் உண்மையில் வேறுபட்டதா என்பதை ஓர் ஆண்டு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்

பள்ளி வாரிய உறுப்பினர் பதவிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சின்ன ஊரில் போட்டியிட ஆள் கிடைப்பதே கடினம். கிடைத்தவரின் மைத்துனி அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருப்பார். கணித ஆசிரியர் சரியில்லை என்று வாரியத்தில் புகார் வந்தால், புகார் கொடுத்தவர், கேட்பவர், புகாருக்கு ஆளானவர் மூவரும் ஞாயிறன்று ஒரே தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். நம் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே நெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி ஆசிரியர் வீட்டுக்கே போவது இங்கேதான் நடக்கும். நாடகம், ஓட்டப்பந்தயம், விவாதக் குழு எல்லாவற்றிலும் ஆள் பற்றாக்குறை என்பதால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளையையும் இழுத்துப் போடுவார்கள். பெரிய பள்ளியில் அந்தப் பிள்ளை நான்கு ஆண்டும் பார்வையாளர் வரிசையிலேயே இருந்திருக்கும்.

வகுப்பு, பள்ளி, மாவட்டம்

சித்தி மகனின் தவறு இங்கேதான். சின்ன வகுப்பு, சின்னப் பள்ளி, சின்ன மாவட்டம் மூன்றும் மூன்று வேறு பொருள்கள்.

சின்ன மாவட்டத்தில் பெரிய வகுப்பு இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள், இரண்டாவது ஆசிரியருக்குப் பணம் இல்லை என்றால் இருபத்தெட்டும் ஒரே அறையில்தான். பக்கத்துப் பள்ளிக்கு நான்கு பேரை மாற்றலாம் என்றால் பக்கத்துப் பள்ளியே கிடையாது. அதேபோல் மிகப் பெரிய மாவட்டத்தில் சின்னப் பள்ளிகள் இருக்கலாம். நியூயார்க் நகரம் 2000-களில் மோசமாக ஓடிய பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டு நூற்றுக்கணக்கான சின்ன உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. அவற்றில் இடம் கிடைத்த பிள்ளைகள் பட்டம் பெற்ற விகிதம் கூடியது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பள்ளி சின்னது, அதன் பின்னால் நிற்கும் அலுவலகமும் வரிப்பணமும் ஒன்பது லட்சம் பிள்ளைகளுக்கானவை.

அவன் பார்த்த ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. நியூ ஜெர்சியில் இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். உயர்நிலைப் பள்ளிக்கு ஒப்பந்தம் போட்டு வேறு மாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பும். எனவே கவனிப்பைப் பற்றி அவன் கனவு கண்டது எட்டாம் வகுப்புவரைக்கும்தான். அதன்பின் எங்கே அனுப்புவார்கள் என்பதை வீட்டுத் தரகர் தானாகச் சொல்லமாட்டார். நான் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை.

அப்படியானால் சேர்த்துவிடலாமா?

இரண்டு மாவட்டங்களை ஒன்றாக்குவதற்கு இணைப்பு என்று பெயர். மேலே சொன்ன குறைகளில் பலவற்றுக்கு அது மருந்துதான். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்கோம்ப், ஜான் யிங்கர் இருவரும் நியூயார்க் மாநிலத்துக் கிராமப்புற இணைப்புகளை ஆராய்ந்தார்கள். மிகச் சின்ன மாவட்டங்கள் சேர்ந்தபோது மிச்சம் கணிசமாக இருந்தது. ஆயிரத்தைந்நூறு பிள்ளைகள் அளவுள்ளவை சேர்ந்தபோது அது சுருங்கியது. சேர்ந்த கையோடு புதுக் கட்டடம் கட்டும் ஆசையும் வந்து மிச்சத்தின் ஒரு பகுதியைத் தின்றது.

மேலே தெரியாத வேறு செலவுகளும் உண்டு. இரு ஊர் ஆசிரியர்களுக்கும் வெவ்வேறு சம்பள விகிதம் இருக்கும். சேர்ந்தபின் எந்த விகிதத்தைப் பின்பற்றுவது? யாருடைய சம்பளத்தையும் குறைக்க முடியாது. எனவே எல்லோரையும் உயர்ந்த விகிதத்துக்குத் தூக்குவதே வழக்கம். ஒரு ஊர் கட்டடக் கடனில் இருக்கும், மற்றது கடனை அடைத்து நிம்மதியாக இருக்கும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பொருத்தம் சரி, சம்பந்திகள் கணக்குதான் இடிக்கிறது என்பதுபோல.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாவட்டத்தை இணைப்பது வேறு, பள்ளியை மூடுவது வேறு. மேற்கு வர்ஜீனியாவில் மாவட்டங்கள் மாறவே இல்லை. 55 கவுண்டிகள், 55 மாவட்டங்கள். ஆனால் சிக்கனம் என்று சொல்லி 1990 முதல் 2002 வரை 300-க்கு மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். 2002-இல் அங்குள்ள சார்லஸ்டன் கெசெட் நாளிதழ் தோண்டிப் பார்த்தபோது, சொன்ன மிச்சம் வந்து சேரவில்லை; மலைப்பாதையில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் பஸ்ஸில் கழிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பல இடங்களில் மக்கள் இணைப்பை எதிர்ப்பதற்குக் காரணம் இந்தப் பயம்தான். அலுவலகம் சேர்ந்தால் அடுத்து தம் ஊர்ப் பள்ளிக்குப் பூட்டு விழும் என்பதே. வெர்மாண்ட் 2015-இல் சட்டம் 46 என்பதைக் கொண்டுவந்து, குறைந்தது 900 பிள்ளைகள் உள்ள மாவட்டங்களாகச் சேருங்கள் என்றபோது பல ஊர்கள் நீதிமன்றம்வரை போயின.

நடுவழி ஒன்று இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். வாட்ச்மேனை நான்கு கட்டடங்கள் சேர்ந்து வைத்துக்கொள்வது. நியூயார்க் மாநிலம் 1948-இலேயே கூட்டுச் சேவை வாரியங்களை உருவாக்கியது. இப்போது 37 இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டமும் தன் பெயர், வாரியம், பள்ளி ஆகியவற்றை வைத்துக்கொள்ளும். பேச்சுப் பயிற்சியாளர், தொழிற்கல்விப் பட்டறை, கணினி ஆதரவு, கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு ஆகியவற்றை மட்டும் பலர் சேர்ந்து வாங்குவார்கள். அயோவாவும் நெப்ராஸ்காவும் தங்கள் பாணியில் இதைச் செய்கின்றன. கால் ஆசிரியர் கிடைக்கமாட்டார் என்ற சிக்கலும் இடர்ப் பகிர்வுச் சிக்கலும் இதில் பெருமளவு தணியும். நுண்கணிதமும் டிரம்பெட்டும் மோதுவது தணியாது. அதற்குப் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் கூட வேண்டும்.

லேக் வியூவுக்கு என்ன ஆயிற்று

பத்தாண்டு இழுத்த வழக்கில் லேக் வியூ வென்றது. மாநிலத்தின் பள்ளி நிதி முறை அரசமைப்புக்கு எதிரானது என்று 2002 நவம்பரில் ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கியது. கூடவே, இத்தனை சின்ன மாவட்டங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்ற கேள்வியும் சட்டமன்றத்தில் எழுந்தது. 2004 தொடக்கத்தில் சட்டம் 60 வந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 350 பிள்ளைகளுக்குக் கீழே இருக்கும் மாவட்டம் வேறொன்றோடு சேர்ந்தே ஆக வேண்டும். ஆர்கன்சாவில் அப்போது இருந்த முந்நூற்றுச் சொச்சம் மாவட்டங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவை அந்த ஆண்டே மறைந்தன.

லேக் வியூவும் 350-க்குக் கீழே இருந்தது. 2004 ஜூலையில் அது பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. வழக்கின் பெயரில் 'லேக் வியூ பள்ளி மாவட்டம் எண் 25' என்று இன்னும் இருக்கிறது. வழக்குப் போட்ட மாவட்டம் இல்லை. 2015-இல் ஆர்கன்சா அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. கணக்குவழக்கும் படிப்பும் ஒழுங்காக இருந்தால், 350-க்குக் கீழே உள்ள மாவட்டமும் விலக்குக் கேட்டுத் தனியாகத் தொடரலாம்.